திருகோணமலையிலிருந்து கனடாவுக்கு வீட்டுச் சாமான் அனுப்புகிறவர்களுக்கு: சுங்கப் பத்திரங்கள், செலவு, காலக்கணக்கு

அக்கா குடும்பத்துக்குக் கனடா நிரந்தர வதிவிடம் கிடைத்தபோது, அவர்களுடைய வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. விசாவுக்கு வழி சொல்ல நம் ஊரில் ஆட்கள் தாராளம். பெட்டி அனுப்புவதைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுதான் இருக்கிறது. கொழும்பு முகவருக்குக் கப்பலில் ஏற்றும் வரை தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் உறவினருக்கு அங்கே இறக்குவது தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேலையை ஒருவரும் சொல்வதில்லை. பணமும் நித்திரையும் போவது அங்கேதான். இரண்டு முனைகளையும் ஒன்றாக வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. சுங்க அதிகாரி உங்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன் உங்கள் பட்டியலைத்தான் பார்ப்பார். பட்டியல் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் பெட்டி திறக்கப்படாமலே கைக்கு வரும். ஆகவே பெட்டி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கப்பல் உண்மையில் தேவையா என்று பாருங்கள்

கனடாவுக்கான விமானச்சீட்டுகளில் பெரும்பாலும் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பொதிகள் கொண்டுபோகலாம். உங்கள் டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் அதுவே 184 கிலோ. உடுப்பு, சில பாத்திரம், சாமிப்படம், பிள்ளைகளின் புத்தகம் என்று பார்த்தால் பல குடும்பங்களுக்கு அது போதும். அதற்கு மேலும் ஒன்றிரண்டு பெட்டிதான் இருக்கிறது என்றால் விமான நிறுவனத்திடம் மேலதிகப் பொதிக்கு முன்கூட்டியே பணம் கட்டுவது கப்பலைவிட மலிவாக முடியலாம். உங்களுடன் வரும் பொதிக்கு அலைச்சலும் இல்லை.

கப்பல் எப்போது பொருந்தும்? தையல் இயந்திரம், வீணை, நிறையப் புத்தகம், வெண்கலப் பாத்திரம், கல்யாணச் சீர் என்று பாரமாகவும் பருமனாகவும் இருந்து, இரண்டு மூன்று மாதம் பொறுக்கவும் முடிந்தால்.

அனுப்பவே கூடாதவை சில உண்டு. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், கனடாவில் 120 வோல்ட். கிரைண்டர், மிக்சி, அயன்பெட்டி, மின்விசிறி எதுவும் அங்கே நேராக வேலை செய்யாது. இந்தியக் கடைகளில் 120 வோல்ட்டுக்கே செய்த கிரைண்டர் ரொறன்ரோவில் கிடைக்கிறது. கட்டில், அலுமாரி, சோபா ஆகியவற்றை விற்றுவிட்டுப் போவதே நல்லது. அவை பிடிக்கும் இடத்துக்குக் கொடுக்கும் கப்பல் கூலியில் அங்கே வேறு வாங்கலாம்.

2. எந்த வகையில் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்குங்கள்

கனடாவில் முதன்முறையாகக் குடியேறுகிறவர், தான் முன்பே பாவித்த வீட்டுச் சாமான்களை வரி இல்லாமல் கொண்டுவரலாம். நிரந்தர வதிவிட விசாவில் போகிறவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். மாணவர் விசாவிலும் குறுகிய கால வேலை அனுமதியிலும் போகிறவர்கள் வேறு வகை. அவர்கள் தற்காலிகமாகக் கொண்டுவருகிறவர்களாகக் கணிக்கப்படுவார்கள். உங்கள் விசா எது என்பதை முகவரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

“ஆறு மாதம் பாவித்த சாமான்தான் கொண்டுபோகலாம்” என்று ஊரில் அடிக்கடி சொல்வார்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டுக் கனடாவுக்குத் திரும்புகிற பழைய வதிவாளர்களுக்கும் பிரித்தானியாவுக்குப் போகிறவர்களுக்கும் உள்ள விதி அது. கனடாவில் புதிதாகக் குடியேறுகிறவருக்கு மாதக் கணக்கு இல்லை. ஆனால் பொருள் உங்களுடையதாக, உங்கள் கையில் இருந்ததாக, நீங்கள் பாவித்ததாக இருக்க வேண்டும். மூன்றும் வேண்டும். போவதற்கு முதல்நாள் வாங்கி, பெட்டி பிரிக்காமல் வைத்த தொலைபேசி பாவித்த பொருள் ஆகாது. எதிர்வீட்டு மாமி தன் மகளுக்குக் கொடுத்துவிடச் சொன்ன ஆறு சேலையும் உங்களுடையவை ஆகாது. நம்மவர் மறுத்துச் சொல்லக் கூச்சப்படும் இடம் இது. பிறர் சாமானை உங்கள் பெயரில் எழுதினால் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதுதான்.

கல்யாணம் முடித்துப் போகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கனடாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடந்திருந்தால், அல்லது இறங்கி மூன்று மாதத்துக்குள் நடக்க இருந்தால், கல்யாணப் பரிசுகளும் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரும் பாவிக்காத புதுப்பொருளாக இருந்தாலும் வரிவிலக்குக்குள் வரும். கூறைச்சேலை, புதுப் பாத்திரம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் “கல்யாணப் பரிசு” என்று தனியாகத் தலைப்பிட்டு எழுதுங்கள். பதிவுச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

3. பட்டியலை எழுதுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும்

கனடா எல்லைச் சேவைகள் முகமை, அதாவது கனடாச் சுங்கம், கேட்பது இரண்டு பட்டியல். ஒன்று, விமானத்தில் உங்களுடன் வருகிற சாமான். மற்றது, பின்னால் வருகிற சாமான். இரண்டையும் ஆங்கிலத்தில், தட்டச்சில், இரண்டிரண்டு பிரதியாக வைத்திருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், எண்ணிக்கை, கனடா டொலரில் இன்றைய பெறுமதி எழுத வேண்டும். இயந்திரம், மின்பொருள், சைக்கிள் என்றால் தயாரித்த நிறுவனம், மாதிரி, தொடர் இலக்கம் என்பவையும் வேண்டும். தொடர் இலக்கம் பொருளின் அடியில் இருக்கும். கட்டிய பிறகு பார்க்க முடியாது. ஆகவே இப்போதே கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெறுமதி என்பது நீங்கள் வாங்கிய விலை அல்ல. இன்று அதே நிலையில் விற்றால் என்ன கிடைக்குமோ அது. பத்து வருடம் பாவித்த தையல் இயந்திரத்துக்குப் புதுவிலை எழுதத் தேவையில்லை. அதற்காக எல்லாவற்றுக்கும் பூச்சியம் போடாதீர்கள். “வணிகப் பெறுமதி இல்லை” என்று மொத்தமாக எழுதிவிடச் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். பூச்சியம் நிறைந்த பட்டியல்தான் சந்தேகத்தைக் கிளப்பும். காப்புறுதி எடுத்திருந்து பெட்டி தொலைந்தாலும் பூச்சியம்தான் கிடைக்கும்.

“சமையல் பாத்திரம் ஒரு பெட்டி” என்று எழுதுவதும் கூடாது. ஒவ்வொரு கரண்டியையும் எண்ணவும் வேண்டாம். “எவர்சில்வர் பாத்திரம் 14, பாவித்தவை, பெட்டி 3” என்ற அளவு போதும். பெட்டி இலக்கம் முக்கியம். அதிகாரி ஏதாவது ஒன்றைப் பார்க்க விரும்பினால் அந்த ஒரு பெட்டியைத் திறந்தால் போதும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பிரிப்பார்கள்.

நகையைக் கப்பல் பெட்டியில் வைக்காதீர்கள். கையோடு கொண்டுபோங்கள். ஆனால் பட்டியலில் எழுதுங்கள். “தங்கச் சங்கிலி 1” என்று எழுதினால் எந்தச் சங்கிலி என்று ஒருவருக்கும் தெரியாது. நகைக்கடையில் ஒவ்வொரு நகையின் நிறை, கரட், கல் விபரம் எழுதிய மதிப்பீட்டுக் கடிதம் வாங்குங்கள். நகையைப் படம் எடுத்து, படத்தின் பின்னால் கடைக்காரரின் கையெழுத்தும் திகதியும் போடுவியுங்கள். தாலிக்கொடி, பதக்கச் சங்கிலி, வளையல் என்று நம் பெண்கள் கொண்டுபோகும் நகை கொஞ்சமல்ல. பின்னொரு காலம் ஊருக்கு வந்து திரும்பும்போது, இது முன்பே இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று காட்டவும் அந்தப் படங்களே உதவும்.

அடுத்து வருவது பெயர்ப் பிரச்சினை. தமிழருக்கென்றே உள்ள பிரச்சினை என்று சொல்லலாம். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் வேறொன்று, முகவரின் பத்திரத்தில் தகப்பன் பெயருக்கு முதலெழுத்து மட்டும். பட்டியல், முகவருக்குக் கொடுக்கும் அதிகாரக் கடிதம், சாமானை ஏற்றியதற்குக் கிடைக்கும் கப்பல் பத்திரம் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயர், அதே எழுத்து, அதே வரிசை. முகவர் தட்டச்சு செய்து அனுப்பும் வரைவை ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள். கப்பல் புறப்பட்ட பிறகு திருத்தினால் அதற்குத் தனிக் கட்டணம்.

4. இங்கிருந்தே வெளியே போகக் கூடாதவை

எல்லோரும் கனடாச் சுங்கத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். முதலில் தாண்ட வேண்டியது இலங்கைச் சுங்கம். திருகோணமலை வீடுகளில் இயல்பாகக் கிடக்கும் பல பொருட்கள் அங்கே தடைப்பட்டவை.

மான்கொம்பு அவற்றில் முதலாவது. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான் திரியும் ஊர் நம்முடையது. தானாக உதிர்ந்த கொம்பைப் பொறுக்கி வந்து சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு. தாத்தா காலத்தது என்று சொல்லிப் பயனில்லை. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கொம்பு, தந்தம், ஆமை ஓடு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பழைய வீணையில் தந்தமோ மான்கொம்போ பதித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது பவளப்பாறைத் துண்டும் சிப்பியும். நிலாவெளிக் கரையிலும் புறாத்தீவிலும் பிள்ளைகள் பொறுக்கி அலுமாரியில் அடுக்கி வைத்தவை. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. பவளப்பாறை சர்வதேச ஒப்பந்தத்தின் கீழும் பாதுகாக்கப்பட்டது என்பதால் இரண்டு நாட்டுச் சுங்கமும் பிடிக்கும். பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியை நீங்களே ஒருமுறை கொட்டிப் பாருங்கள். அவர்கள் பிரிய மனமில்லாமல் அடியில் வைத்திருப்பார்கள்.

மனதுக்கு மிகவும் கடினமானது பழம்பொருள். பாட்டியின் வெண்கலக் குத்துவிளக்கு, பித்தளைப் பூண் போட்ட பெட்டகம், பரம்பரையாக வந்த சாமி விக்கிரகம், வைத்திய ஏடு, பழைய நாணயம். இவற்றைக் கொண்டுபோவது பற்றி 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் பேசுகின்றன. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்டது என்று தோன்றும் எதையும் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். கொழும்பு 7இல் உள்ள தொல்பொருள் திணைக்களத்துக்குப் பொருளின் படம், அளவு, எப்படிக் கைக்கு வந்தது என்ற விபரம் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். இதற்கு வாரக் கணக்கில் நேரம் வேண்டும். டிக்கெட் எடுத்த பிறகு தொடங்கினால் காணாது. ஏட்டுச்சுவடி என்றால் என் கருத்து இதுதான்: அதை எடுத்துப்போகாதீர்கள். ஒவ்வொரு ஏட்டையும் படம் பிடித்துக் கொண்டுபோய்விட்டு, மூலத்தை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமோ நூலகத்திலோ கொடுங்கள். குளிர்நாட்டு வீட்டின் வெப்பமூட்டிக் காற்றில் பனையோலை உலர்ந்து உடைந்துவிடும்.

அண்மையில் வாங்கிய விளக்குக்கும் விக்கிரகத்துக்கும் கடைப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குப் பழையதுபோல இருக்கிற பொருளுக்கு அந்தச் சீட்டு ஒன்றுதான் துணை.

கப்பல் பாதுகாப்பு விதிகளால் தடைப்படுவது வேறொரு கூட்டம்: கற்பூரம், வாசனைத் திரவியம், நெயில்பொலிஷ், லைட்டர், விசிறல் போத்தல்கள், தனியாக இருக்கும் லித்தியம் பற்றரி. கற்பூரம் தீப்பற்றும் பொருள் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. சாமியறைப் பெட்டியைக் கட்டும்போது அதைத் தேடி எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுச் சாமானைப் பற்றிச் சண்டை வரும் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். கருவாடு, மாசி, ஒடியல், வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், ஊறுகாய் எதுவும் கப்பல் பெட்டியில் வேண்டாம். மூன்று மாதச் சூட்டில் ஒரு போத்தல் வெடித்தால் சேலையெல்லாம் எண்ணெய். மணம் பிடித்தால் பெட்டி முழுவதும் சோதனை. ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் உள்ள நம் கடைகளில் இவை எல்லாமே விற்கின்றன. விதை, செடி, மண் கட்டாயம் கூடாது. கறிவேப்பிலைக் கன்றும் அதற்குள் அடக்கம்.

5. பெட்டி கட்டும்போது

தச்சரைக் கூப்பிட்டு மரப்பெட்டி அடிப்பிக்காதீர்கள். கொள்கலனில் போகும் மரப்பொதிக்கு ஒரு சர்வதேச விதி உண்டு. மரம் வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டு, கோதுமைக்கதிர் படம் உள்ள முத்திரை அதில் பதிந்திருக்க வேண்டும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் இதே விதிதான். நம் ஊர்த் தச்சர் முதிரையில் அடித்த உறுதியான பெட்டியில் அந்த முத்திரை இராது. அங்கே போய்ச் சேர்ந்தபின் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் செலவு உங்கள் தலையில். தடித்த இரட்டைச்சுவர்க் காட்போட் பெட்டியோ மூடி பூட்டும் பிளாஸ்டிக் பீப்பாவோ போதும். வீணை போன்றதற்கு மரக்கூடு வேண்டியே ஆகவேண்டும் என்றால் முத்திரை குத்திய மரத்தில் செய்து தர முகவரிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு பெட்டியையும் நாடா வைத்து அளந்து எழுதுங்கள். கப்பல் கூலி கன மீற்றரில்தான். 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள பெட்டி 0.12 கன மீற்றர். அப்படி எட்டுப் பெட்டி வைத்தால் ஏறக்குறைய ஒரு கன மீற்றர். பல முகவர்கள் ஒரு கன மீற்றருக்குக் குறைவாக இருந்தாலும் ஒன்றுக்கே காசு எடுப்பார்கள். ஆகவே ஐந்து பெட்டி அனுப்பினாலும் எட்டு அனுப்பினாலும் கூலி ஒன்றாக வரலாம். விமானச் சரக்கில் நிறைதான் கணக்கு என்று நினைக்க வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் எடுத்துப் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். மேலே சொன்ன பெட்டி 12 கிலோதான் என்றாலும் 20.25 கிலோவுக்குக் காசு வாங்குவார்கள்.

பெட்டியின் நான்கு பக்கத்திலும் இலக்கம், பெயர், கனடா முகவரி, அங்குள்ள தொலைபேசி. கார்த்திகை, மார்கழி மாரியில் கட்டுகிறீர்கள் என்றால் பெட்டிக்குள் முதலில் தடித்த பொலித்தீன் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகள் போட்டுக் கட்டுங்கள். ஈரக்காற்றோடு மூடிய பட்டுச்சேலை மூன்று மாதத்தில் கறுப்புப் புள்ளி பிடித்துவிடும். சப்பாத்து, சைக்கிள், மண்வெட்டி என்று நிலத்தில் பட்ட எதையும் மண் போகக் கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள்.

6. முகவரிடம் கேட்கவேண்டியவை

வாசலிலேயே துறைமுகம் இருக்கும்போது கொழும்புக்கு ஏன் போகவேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருவது சீமெந்து மூலப்பொருள், கோதுமை, எரிபொருள் போன்ற மொத்தச் சரக்கு. வீட்டுச் சாமான் போகும் கொள்கலன் கப்பல் கொழும்பில்தான் ஏற்றும். ஆகவே ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் லொறிச் செலவு முதலில் வருகிறது. கொழும்பிலிருந்து வெறுமையாகத் திரும்பும் லொறி பற்றி எல்லோருக்கும் தெரியும். திருகோணமலையிலிருந்து வெறுமையாகத் திரும்புகிற லொறியும் உண்டு. சாமான் இறக்கிவிட்டுக் கொழும்புக்குப் போகும் லொறியைக் கடைக்காரர்களிடம் விசாரித்தால் கூலி குறையும். படங்கு கிழியாமல் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

முகவர் சொல்லும் விலை எங்கே முடிகிறது என்பதே முதல் கேள்வி. “துறைமுகம் வரை” என்ற விலை மலிவாகத் தெரியும். அந்த விலையில் கனடாவில் நடக்கும் ஒன்றும் அடங்காது. கொள்கலனைப் பிரித்துச் சாமானை வேறாக்கும் கூலி, முனையக் கூலி, பத்திரக் கட்டணம், களஞ்சியக் கட்டணம், வீடு வரையான வண்டிக்கூலி எல்லாம் அங்கே போய்க் கட்டவேண்டும். சிறு தொகைச் சாமானுக்கு இந்தக் கனடாப் பக்கச் செலவு கப்பல் கூலியையே தாண்டிப்போவது சாதாரணம். ஆகவே மூன்று முகவரிடமாவது இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள்:

விலை வீடு வரையா, களஞ்சியம் வரையா? கனடாவில் உங்கள் பங்காளி நிறுவனம் எது, அதன் கட்டணப் பட்டியலைத் தருவீர்களா? களஞ்சியத்தில் எத்தனை நாள் இலவசம், பிறகு நாளுக்கு எவ்வளவு? சுங்கம் பெட்டியைச் சோதனைக்கு எடுத்தால் அந்தக் கூலி யாருடையது? ரொறன்ரோவில் எந்தக் களஞ்சியத்துக்கு வரும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத முகவரிடம் கொடுக்காதீர்கள்.

காப்புறுதி எடுக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பல காப்புறுதிகள் பணம் தராது. பெட்டி முழுதாகத் தொலைந்தால் மட்டும் தரும். பீங்கான் அனுப்புகிறீர்கள் என்றால் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

7. கொழும்பில் கொடுக்கவேண்டிய பத்திரங்கள்

கடவுச்சீட்டின் விபரப் பக்கம், விசா அல்லது நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரம், விமானச்சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகள். பெட்டி இலக்கத்தோடு கூடிய பட்டியல். முகவருக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரக் கடிதம். பழம்பொருள் அனுமதி இருந்தால் அதன் மூலப் பத்திரம். எல்லாவற்றுக்கும் மூன்று செற் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு போங்கள்.

சுங்கப் பிரகடனத்தைப் பதிவதும் துறைமுகத்துக்குள் ஓடித்திரிவதும் உரிமம் பெற்ற சுங்க முகவரின், வாஃப் கிளாக்கின் வேலை. நீங்கள் வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கும் நேரத்தில் நீங்களோ, நீங்கள் எழுத்தில் அனுப்பிய ஒருவரோ பக்கத்தில் நிற்பது நல்லது. என்ன இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்ல ஆள் வேண்டும். திரும்பக் கட்ட ஒட்டுநாடாவும் கத்தரிக்கோலும் கொண்டுபோங்கள்.

கப்பல் புறப்பட்டதும் கப்பல் பத்திரத்தின் பிரதியை முகவரிடம் வாங்காமல் விடாதீர்கள். அதில் உள்ள இலக்கம் இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது.

நாள் விடயத்தில் இதைக் கவனியுங்கள்: நீங்கள் முதலில் போய்ச் சேரவேண்டும், பெட்டி பிறகு வரவேண்டும். சொந்தக்காரர் கனடாவில் இறங்காமல் குடியேறுகிறவரின் சாமான் என்று ஒன்றை விடுவிக்க முடியாது. பெட்டி முந்திப் போனால் களஞ்சிய வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். கப்பல் சூயஸ் வழியாகவா, ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றியா, பசுபிக் வழியாக வான்கூவர் போய் ரயிலிலா என்பதைப் பொறுத்துக் காலம் மாறும். வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டு முதல் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். குளிருடுப்பு எதையும் கப்பலில் போடாதீர்கள்.

8. கனடாவில் இறங்கும் நாளில் செய்யவேண்டிய ஒரு காரியம்

இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியதும், குடிவரவு அதிகாரியிடம் வேலை முடிந்தபின், சுங்க அதிகாரியிடம் பின்னால் வரும் சாமான் பட்டியலைக் கொடுத்துப் பதிவு செய்யவேண்டும். இதற்கான படிவம் பி.எஸ்.எஃப். 186. பழைய ஆட்கள் பி4 என்று சொல்வார்கள். கனடா எல்லைச் சேவைகள் முகமையின் இணையத்தளத்தில் இறக்கி, ஊரிலேயே நிரப்பிக் கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை. அதிகாரி முத்திரை குத்தி ஒரு பிரதியைத் திருப்பித் தருவார்.

கையில் ஒரு பெட்டியும் இல்லாமல், எல்லாமே கப்பலில் வருகிறது என்றாலும் அன்றைக்கே பதியவேண்டும். ஆறு மாதம் கழித்து அனுப்பப்போகும் சாமானும் அந்தப் பட்டியலில் இருக்கவேண்டும். பட்டியலில் இல்லாத பொருள் பிறகு வந்தால் வழமையான தீர்வையும் வரியும் கட்டவேண்டி வரலாம். ஒன்ராறியோவில் அந்த வரி 13 சதவீதம். இரவு விமானத்தில், தூங்கி விழும் பிள்ளைகளோடு இறங்கும்போது “பிறகு பார்க்கலாம்” என்று தோன்றும். வெளியே சொந்தக்காரர் காத்திருப்பார்கள். அவர்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் காத்திருக்கட்டும்.

ஆகவே கடவுச்சீட்டு வைத்திருக்கும் கைப்பையிலேயே இரண்டு பட்டியலும் படிவமும் இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்தால் அந்த நேரத்தில் எடுக்க முடியாது. பணம் 10,000 கனடா டொலர் அல்லது அதற்கு மேல் கொண்டுபோகிறீர்கள் என்றால் அதையும் அங்கேயே அறிவிக்கவேண்டும்.

9. பெட்டி வந்த செய்தி கிடைத்ததும்

முகவரின் கனடாப் பங்காளியிடமிருந்து வருகை அறிவித்தல் வரும். அதில் சரக்குக் கட்டுப்பாட்டு இலக்கமும் களஞ்சிய முகவரியும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, விமான நிலையத்தில் முத்திரை குத்திய படிவம், கடவுச்சீட்டு, நிரந்தர வதிவிடப் பத்திரம் ஆகியவற்றோடு, அறிவித்தலில் சொல்லப்பட்ட சுங்க அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் விடுவித்து முத்திரை குத்தியபின் களஞ்சியத்தில் பணம் கட்டிச் சாமானை எடுக்கலாம். அறிவித்தல் வந்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு இலவச நாள் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வரும் அறிவித்தல்கள் ஆபத்தானவை. சனி, ஞாயிறையும் களஞ்சியங்கள் எண்ணக்கூடும்.

எடுக்கும் இடத்திலேயே பெட்டிகளை எண்ணி, உடைந்திருந்தால் படம் எடுத்து, கையெழுத்திடும் தாளில் “சேதமாக வந்தது” என்று எழுதியபின் கையெழுத்திடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் காப்புறுதிக்காரர் கேட்கமாட்டார்.

வரியில்லாமல் கொண்டுவந்த பொருளை முதல் 12 மாதத்துக்குள் விற்றாலோ கொடுத்தாலோ அதற்கு வரி கட்டவேண்டும். முத்திரை குத்திய படிவத்தை அந்த ஒரு வருடமாவது பத்திரமாக வைத்திருங்கள்.

10. லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறவர்களுக்கு

பிரித்தானியாவில் ஒழுங்கு நேரெதிர். அங்கே விமான நிலையத்தில் பதிவதில்லை. பெட்டி போய்ச் சேருமுன் இணையத்தில் ரி.ஓ.ஆர். 1 என்ற விண்ணப்பத்தைப் போட்டு, வரிவிலக்கு இலக்கம் ஒன்றை வாங்கி முகவரிடம் கொடுக்கவேண்டும். இதற்கும் கட்டணம் இல்லை. தொடர்ந்து 12 மாதமாவது பிரித்தானியாவுக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும், பொருளை ஆறு மாதமாவது வைத்துப் பாவித்திருக்க வேண்டும், போய்ச் சேர்ந்து 12 மாதத்துக்குள் சாமானைக் கொண்டுவர வேண்டும். இலக்கம் இல்லாமல் பெட்டி போனால் 20 சதவீத வற் வரி கேட்பார்கள். இங்குள்ள முகவரிக்கு ஆதாரம் கேட்பதுதான் நம்மவருக்குச் சிக்கல். மின்சாரப் பட்டியல் பெரும்பாலும் தாத்தா பெயரிலோ மாமா பெயரிலோதான் இருக்கும். உங்கள் பெயரில் திருகோணமலை முகவரியோடு வரும் வங்கிக் கூற்று நல்லது. அதுவும் இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள்.

அவுஸ்திரேலியாவுக்குப் படிவம் பி534. புறப்படுவதற்கு முன் 12 மாதமாவது பாவித்த பொருளுக்குத்தான் வரிவிலக்கு. அங்கே வரியைவிடப் பெரிய விடயம் உயிரியல் பாதுகாப்புச் சோதனை. பனையோலைப் பெட்டி, ஈர்க்கு விளக்குமாறு, சிரட்டை அகப்பை, தோல் கட்டிய மிருதங்கம், மரச்சிற்பம் எல்லாம் பார்வைக்குப் போகும். பூச்சியோ மண்ணோ இருந்தால் உங்கள் செலவில் மருந்தடிப்பார்கள், அல்லது அழிப்பார்கள். இப்படிப்பட்டவற்றை எல்லாப் பெட்டியிலும் பரப்பாமல் ஒரே பெட்டியில் போட்டு, பட்டியலில் தெளிவாக எழுதிவிடுங்கள். மற்றப் பெட்டிகள் தாமதிக்காமல் வெளியே வரும்.

கனடாவுக்கு இரண்டாவது தொகுதி அனுப்ப இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: முதல் தொகுதியை எடுக்கும்போது சுங்க அலுவலகத்தில் உங்கள் மூலப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிரதியைக் கொடுங்கள். எந்தெந்த வரியில் உள்ள பொருட்கள் வந்துவிட்டன என்று மூலத்தில் அடையாளமிட்டுக் கொண்டு, மிச்சத்தை அடுத்த கப்பலுக்கு ஊரில் இருப்பவருக்குப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.